துவைக்காத ஒன்பது துணிகள்

கழுவிய கண்ணாடி உண்மையில் சுத்தமா என்று கண்டுபிடிக்க அவளிடம் ஒரு சோதனை இருந்தது. பாட்டிலைச் சாய்த்து, உட்சுவரில் தண்ணீரை வழியவிடுவாள். கிழியாத ஒரே படலமாக இறங்கினால் சுத்தம். எங்காவது உடைந்து முத்து முத்தாக நின்றால் பசை ஒட்டியிருக்கிறது. "இன்னொரு தரம்" என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி பிரஷ்ஷை எடுப்பாள். பதினோரு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு, நகராட்சியின் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எல்லாரும் அவளை இன்னொருதரம் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. நின்றது என்பதுகூடத் தவறு, நிறுத்தினார்கள். தம்பி படிக்கட்டும் என்று வீட்டில் முடிவெடுத்தபோது அவளை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆறு வருஷம், அதன் பிறகு இங்கே. ஊரில் யாரோ அழுக்காக்கியதைக் கழுவியே பாதி ஆயுசு போயிற்று என்பாள். குறையாகச் சொல்வதில்லை. "கழுவுறவளுக்குத்தான் தெரியும், எது எங்க ஒட்டியிருக்குன்னு" என்று சேர்த்துக்கொள்வாள்.

கழுவும் அறை கட்டடத்தின் பின்பக்கம், நீராவிக் கொப்பரைக்குப் பக்கத்தில். இரண்டு கல் தொட்டிகள், உயரவாரியாக ஆணியில் தொங்கும் பிரஷ்கள், கம்பிக் கூடைகள். சுவரில் ஈரம் பூத்த ஓர் இடத்தை மறைக்க யாரோ ஒரு பெரிய படத்தை ஒட்டியிருந்தார்கள். வளைந்த கொழுக்கட்டைபோல ஒன்று, அதன் உடம்பெல்லாம் மெல்லிய இழைகள். நுண்ணோக்கி அறையில் வேலை பார்க்கும் பெண் ஒரு நாள் தேநீர்க் குவளையைக் கழுவ வந்தபோது இவள் கேட்டாள்.

"இது என்ன மேடம், கம்பளிப்பூச்சியா?"

"காலராக் கிருமிக்கா. ஆயிரக்கணக்கான மடங்கு பெருசாக்கி எடுத்தது."

"அதுக்கு எதுக்கு இத்தனை முடி?"

"முடி இல்லாட்டா அதால ஒண்ணும் பண்ண முடியாது. பிலின்னு சொல்வாங்க. லத்தீன்ல மயிருன்னு அர்த்தம். ஒட்டிக்கிறதுக்கு."

"மயிரு பேச்சா இருக்கே!" என்று சிரித்தாள் இவள். "எதுல ஒட்டும்?"

"குடலுக்குள்ள போனா ஒரு வகை மயிர். அதால ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுக் கும்பலா உக்காந்துக்கும். வெளிய தண்ணியில வேற வகை. ஏரித் தண்ணியில பொடிப் பூச்சி துள்ளுமே, கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாமலும்? அதுக்கு இறால் மாதிரி ஓடு. அந்த ஓட்டைப் பிடிச்சுக்கும். ஒரே பூச்சி மேல ஆயிரக்கணக்குல சவாரி."

"ஓசிச் சவாரி" என்றாள் இவள். பேச்சு அதோடு முடிந்தது. படம் மட்டும் கண்ணெதிரே கிடந்தது, தினம் எட்டு மணி நேரம்.

அந்தக் கூடத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் சோதனைக்கு வரும் தண்ணீர்ப் பாட்டில்களோடு, வேகவைத்த சுத்த நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் சேர்த்து வைப்பார்கள். அதற்கு வெறும் பாட்டில் என்று பெயர். அதில் கிருமி வளர்ந்தால் தண்ணீரில் குற்றமில்லை, கழுவியவளின் குற்றம் என்று பொருள். பதினோரு வருஷமாக அவளைப் பிடிப்பதற்கென்றே வைத்த பொறி அது. ஒரு தடவைகூட அவள் அதில் மாட்டவில்லை.

அவள் குடியிருந்தது சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் தெருவில். ஓரறை வீடுகள், ஒன்பது தெருக்குழாய்கள். புருஷன் கொத்தனார். பக்கத்து வீட்டில் நாத்தனார். ஏரியிலிருந்து வரும் தண்ணீரை வடிகட்டும் மணல்தொட்டி பழுதாகி, அந்த வரிசைக் குழாய்களில் தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருந்தது. வெயில் ஏறி ஏரி பச்சை கட்டிய நாட்களில் குடத்துக்குள் ஏதோ துள்ளும். அதைக் குடிக்க அவளுக்கு மனசு வரவில்லை. பழைய பருத்தித் துணியை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிப்பாள். வடித்ததும் துணியைக் கொதிநீரில் போடுவாள், வேலையிடத்துப் பழக்கம்.

"வந்துட்டா லேபு மகாராணி" என்பாள் நாத்தனார். "துணியத் துவைச்சது போதாதுன்னு தண்ணியையும் துவைக்கிறா. ஏன் அண்ணி, சோப்பு போடலியா?"

"உங்க வாய்க்குப் போட எடுத்து வச்சிருக்கேன்."

இரண்டு வாரம் கழித்து அந்தத் தெருவில் காலரா வந்தது. பதினேழு வீடுகளில் படுத்தார்கள். மூன்று பேர் திரும்பி வரவில்லை. நாத்தனார் ஒரே பகலில் வற்றிய ஓடைபோல ஆகி, இரண்டு கையிலும் சலைன் ஏற ஆஸ்பத்திரியில் கிடந்தாள். குழாய்த் தண்ணீர் பரிசோதனைக்குப் போயிற்று. அறிக்கை செவ்வாய்க்கிழமை வந்தது: ஒன்பது குழாய்களிலும் காலராக் கிருமி காணப்படவில்லை. நோய்க்குக் காரணம், வசிப்போரின் சுகாதாரமற்ற பழக்கங்கள்.

புதன்கிழமை ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவுக்குள் வந்தது. நோய்க் கிடங்காகிவிட்ட இந்தத் தெருவைச் சனிக்கிழமை காலைக்குள் காலி செய்யவேண்டும், ஊருக்கு வெளியே தகரக் கொட்டகை தயாராக இருக்கிறது என்றது. கொட்டகைக்குப் போனவர்கள் திரும்பி வந்ததாக அந்த ஊரில் சரித்திரம் கிடையாது. கிடங்குகளை விரிவாக்க இடம் கேட்டு ஒரு மனு நெடுநாளாகக் காத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். ஏழையின் வீட்டை இடிக்கக் கடப்பாரை வேண்டியதில்லை. 'அழுக்கு' என்ற ஒரு சொல் போதும். அதைச் சொல்கிறவன் கையைக் கழுவினானா என்று யாரும் கேட்பதில்லை. தெருவிலேயே சிலர் தலைவிதி என்று மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். மணல்தொட்டியைப் பழுது பார்க்காமல் விட்டது எந்த விதி என்று அவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்று மாலை அவள் நாத்தனாரைப் பார்க்கப் போனாள்.

"சொல்லிக் காட்ட வந்தியா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள் நாத்தனார்.

"ஆமா. பின்ன பாட்டுப் பாடவா வருவாங்க?"

"ஒரே குழாய்த் தண்ணி. ஒரே மீன், ஒரே கடைச் சாமான். எங்கண்ணன் என்னைவிட அழுக்கு. அவனுக்கு ஒண்ணும் வரல. எனக்கு மட்டும் ஏன்?"

கிண்டலாகப் பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். ஒரே குழாய்த் தண்ணீர். நடுவில் ஒரு துணி. அவள் வீட்டார் குடித்தது துணிக்குக் கீழே இறங்கியது. நோய் வரவில்லையென்றால், வந்திருக்கவேண்டியது எங்கே நின்றது? துணிக்கு மேலே.

உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. பரிசோதனைக்கூடத்திலும் ஒரு துணி உண்டு.

ஏரி பச்சை கட்டிய நாளிலிருந்து கழுவும் அறைக்கு ஒரு புது வாளி வந்துகொண்டிருந்தது. அதில் பச்சைப் பாசி பிடித்த வலைத்துணிகள், நாலாக மடித்தவை. சோதனைத் தண்ணீரைக் காகிதம்போன்ற ஒரு மெல்லிய வட்டத் தகட்டின் வழியாகப் பம்பால் உறிஞ்சுவார்கள். கிருமிகள் தகட்டில் தங்கும். தகட்டை ஊட்டநீரில் போட்டு வளர்ப்பார்கள். கலங்கல் தண்ணீர் தகட்டை அடைத்துவிடும். ஒரு பாட்டிலுக்கே ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் நாலு மணிக்குள் நாற்பது பாட்டில் முடியவேண்டும் என்பது ஆணை. எனவே பம்பு வேலை பார்ப்பவர் முதலில் துணியில் வடித்துக்கொண்டார். அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. கைவேலைப் பழக்கத்தை யார் எழுதுகிறார்கள்?

மயிரைப் பற்றி அறிந்த நுண்ணோக்கி அறைக்குத் துணியைப் பற்றித் தெரியாது. துணியைப் பிழிந்த பம்பு அறைக்கு மயிரைப் பற்றித் தெரியாது. இரண்டும் ஒரே இடத்தில் சந்தித்தது கழுவும் அறையில். அங்கே இருந்தவளை யாரும் எதையும் கேட்பதில்லை.

வியாழக்கிழமை காலை வாளி வந்தது. முந்திய நாள் கூடத்து ஆட்கள் அவளுடைய தெருவில் மறுபடி எடுத்துச் சோதித்த ஒன்பது பாட்டில்களின் துணிகள் அதில் கிடந்தன. அவள் கொப்பரையை மூட்டவில்லை. வாளியை மூடி, மூடியின்மேல் ஒரு செங்கல்லை வைத்தாள்.

பத்து மணிக்குப் பம்புக்காரர் வந்தார். "துணி ரெடியாக்கா?"

"துவைக்கல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. துவைக்க மாட்டேன். கிருமி இதுலதான் இருக்கு. நீங்க கிருமிய என்கிட்ட குடுத்துட்டு வெறும் தண்ணியச் சோதிச்சிருக்கீங்க."

அவர் முட்டாள் அல்ல, ஒரே நொடியில் புரிந்துகொண்டார். "அக்கா, என் பிழைப்புக்கு உலை வைக்காதீங்க. இன்னொரு பம்பு கேட்டு நாலு தடவை எழுதிட்டேன். என்ன பண்ணச் சொல்றீங்க?"

"உலை வைக்கிறதுதான் என் வேலை. இன்னிக்குத்தான் வைக்கலையே" என்றாள். பிறகு குரலைத் தணித்தாள். "உங்களை மாட்டிவிட வரல தம்பி. முந்நூறு பேரு தெருவுல நிக்கப்போறாங்க."

நுண்ணோக்கிப் பெண்ணிடம் அவள் சொன்னது நாலே வாக்கியம். எங்க வீட்டுல துணிக்குக் கீழ இருந்த தண்ணியக் குடிச்சோம், ஒண்ணும் வரல. நாத்தனார் வீட்டுல அப்படியே குடிச்சாங்க, வந்துச்சு. இங்க நீங்க துணிக்குக் கீழ தேடுறீங்க. எங்க சுவத்துல இருக்கிற மயிர்ப்பூச்சி எதைப் பிடிச்சுக்கும்னு நீங்கதான சொன்னீங்க?

அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு துணியின் ஓரத்தைச் சுத்த நீரில் அலசி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். கண்ணாடித் துண்டில் ஓட்டுப் பூச்சிகள் குவிந்து கிடந்தன. ஓடுகளின் ஓரமெல்லாம் வளைந்த கோடுகள் அப்பியிருந்தன. வெகுநேரம் நிமிரவில்லை.

"இருக்கா மேடம்?"

"அது மாதிரிதான் இருக்கு. ஆனா வளத்துப் பாக்காம சொல்லக்கூடாது. அதோட ஒரு கஷ்டம். ஒன்பதும் ஒரே வாளியில ஒண்ணோட ஒண்ணு கிடந்திருக்கு. எது எந்தக் குழாய்னு சொல்ல முடியாது. கோர்ட்டுல நிக்காது."

"அப்போ புதுசா எடுங்க. இன்னொரு தரம்."

இருவரும் போய் நின்ற தலைமை அதிகாரியின் அறையில் விசிறி ஓடியது. அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. தான் கையெழுத்திட்ட தாள் ஒருபோதும் தவறாக இருக்காது என்று நம்பும் சாதாரண மனிதர். கெட்டவர்களைவிட இவர்களால்தான் அதிகம் பேர் தெருவில் நிற்கிறார்கள்.

"அறிக்கை போயாச்சு. நீ என்ன விஞ்ஞானியா?" என்றார்.

"இல்ல சார். கழுவுறவ."

"அப்போ போய்க் கழுவு. துணியக் கொதிக்க வைக்கச் சொன்னா வைக்கணும். இது உத்தரவு."

"வைக்க மாட்டேன் சார்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார். மயிரைக் கட்டி மலையை இழுக்கிறேன். வந்தா மலை. போனா மயிரு."

வாசலில் நின்ற எழுத்தர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். அதிகாரி குரலை மாற்றினார். "நீ அந்தத் தெருக்காரி. நீயே ஏதாவது கலந்துட்டேன்னு நாளைக்கு எவனாவது சொன்னா?"

"சொல்லுவான் சார். அதுக்குத்தான் வெறும் பாட்டில் இருக்கே. பதினோரு வருஷமா என்னை நம்பாம அதை வச்சீங்க. நான் கோவிச்சுக்கல, அதுதான் சரி. இன்னிக்கு நான் உங்களை நம்பல. நீங்களும் கோவிச்சுக்காதீங்க. ஒவ்வொரு குழாய்த் தண்ணியையும் ரெண்டாப் பிரிங்க. ஒரு பாதிய நேராத் தகட்டுல விடுங்க. மத்த பாதியத் துணியில வடிச்சு, வடிச்ச தண்ணி தனி, துணி தனின்னு வளங்க. கூட ஒரு வெறும் துணி. வேகவச்ச தண்ணிய வடிச்சது. நான் எதையும் தொட மாட்டேன். கதவுக்கு வெளிய கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறேன். வடிக்கிறதுக்கு முன்னாடி புதுத் துணிய நீங்களே உங்க கையால கொதிக்க வைங்க."

அப்போது பம்புக்காரர் உள்ளே வந்தார். கூப்பிடாமல் வந்தார்.

"நான்தான் சார் துணியில வடிச்சேன். மூணு வாரமா. பதிவேட்டுல எழுதல."

எல்லாருக்கும் அது பேரிடி. இவளுக்கும்தான், அவர் வாயைத் திறப்பார் என்று இவள் நினைக்கவில்லை. நுண்ணோக்கிப் பெண் பேனாவை எடுத்தாள். "இதை இன்னிய தேதியில நான் எழுதிடறேன் சார். எழுதின பிறகு, சோதிக்காம விட்டோம்னு இருக்கக்கூடாது."

பதினொன்றரை மணிக்கு நகராட்சியின் தலைமைத் தண்ணீர் அதிகாரி, வாழ்க்கையில் முதல்முறையாக, கழுவும் அறைக்குள் நுழைந்தார். கொப்பரையின் எந்தத் திருகை முதலில் திறப்பது என்று தெரியாமல் நீராவியில் விரலைச் சுட்டுக்கொண்டார். கதவுக்கு வெளியே கைகட்டி நின்றவள், "இடப்பக்கம் சார். மெதுவா. நானும் முதல் நாள் சுட்டுக்கிட்டேன்" என்றாள்.

தண்ணீர் எடுக்கப் போனவர்களோடு தெருச் சனமே குழாய்க்குக் குழாய் நடந்தது. மூட்டை கட்டியவர்களும் வந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் மூடிக்கு மேலே காகிதம் ஒட்டி, தெருக்காரர் ஒருவரும் அலுவலர் ஒருவரும் கையெழுத்திட்டார்கள். பம்பு முக்கி முனகியது. தகடுகள் அடைத்தன, மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒன்பது பாட்டிலுக்கே பிற்பகல் முழுதும் போயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகல் தட்டுகளை வெளியே எடுத்தார்கள். அவை, இரவு ஊட்டநீரைச் சொட்டுச் சொட்டாக எடுத்துத் தேய்த்து வைத்த பச்சை நிற வளர்ப்புத் தட்டுகள். காலராக் கிருமி இருந்தால் மஞ்சள் பொட்டுகள் முளைக்கும். துணியில் வடித்த தண்ணீர்: எட்டுத் தட்டு பச்சை, ஒன்றில் மட்டும் இரண்டு பொட்டு. வடிக்காத தண்ணீர்: ஒன்பதில் ஏழு மஞ்சள். துணிகள்: அதே ஏழு, எண்ண முடியாத அளவுக்கு மஞ்சள், மாவு தெளித்ததுபோல. வெறும் துணி: பளிங்குப் பச்சை. நுண்ணோக்கிப் பெண் சில பொட்டுகளை எடுத்து மருந்து நீரோடு கலந்தாள். அவை திரிதிரியாகத் திரண்டன. காலராதான் என்று உறுதியானது.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். கதவருகேயே நின்று பார்த்தாள். தன் தெருவைக் கொன்றது இவ்வளவு அழகான மஞ்சளா என்று தோன்றியதாம். கை தானாக முந்தானையில் துடைத்துக்கொண்டது.

புதிய அறிக்கையை அதிகாரி தட்டச்சு செய்யவைத்தார். மறு பரிசோதனையில் ஏழு குழாய்களில் கிருமி கண்டறியப்பட்டது, குழாய்களை உடனே மூடவேண்டும், மணல்தொட்டியைச் செப்பனிடவேண்டும். எல்லாம் சரி. பழைய அறிக்கையின் கடைசி வரி மட்டும் கொஞ்சம் உருமாறி உட்கார்ந்திருந்தது: வசிப்போரின் சுகாதாரமற்ற பழக்கங்களும் ஒரு காரணம்.

எழுத்தர் அதை வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள். "கடைசி வரிக்கு எந்தத் தட்டுல சோதிச்சீங்க சார்?"

"அது... பொதுவா எழுதறதுதான்."

"எங்க தெருவைப் பொதுவா எழுதாதீங்க. சோதிச்சதை எழுதுங்க."

"அதான் எல்லாம் உன் பக்கம் வந்துடுச்சே. ஒரு வரிதானம்மா."

"அந்தக் கிருமிக்கும் ஒரு மயிருதான் சார். அதை வச்சுத்தான் எங்க குடலைப் பிடிச்சுது. இந்த வரிய விட்டீங்கன்னா, அடுத்த தடவை இதைப் பிடிச்சுக்கிட்டே வண்டிய விடுவீங்க."

அந்த வரி அடிக்கப்பட்டது. தாள் புதிதாகத் தட்டச்சானது. அவள் நின்று பார்த்தாள். மாலைக்குள் குழாய்கள் மூடப்பட்டு, தண்ணீர் லாரி வந்தது. காலி செய்யும் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அதைச் சொல்ல ஒலிபெருக்கி வண்டி வரவில்லை. அவமானப்படுத்தத்தான் ஒலிபெருக்கி, மன்னிப்புக்கு ஒரு துண்டுக் காகிதம். தெருக்காரர்கள் அதைக் கிடங்குச் சுவரில் ஒட்டி, தாங்களே உரக்க வாசித்துக்கொண்டார்கள். சனிக்கிழமை யாரும் போகவில்லை. நாத்தனார் வீடு திரும்பியதும் முதலில் கேட்டது, "அண்ணி, அந்தத் துணிய எத்தனை மடிப்பு மடிக்கணும்?"

"நாலு. சோப்பு போடாம."

அடுத்த வாரம் அவளுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. வியாழக்கிழமை காலை, மேலதிகாரியின் உத்தரவு இருந்தும், ஒன்பது துணிகளைக் கொதிக்கவைக்க மறுத்தது ஏன் என்று மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டும். பம்புக்காரருக்கும் ஒன்று வந்தது. கூடவே, நாலு தடவை கேட்டும் வராத இரண்டாவது பம்பும் வந்தது. எழுத்தர் இவளிடம் வந்து, தாழ்ந்து எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள், 'அறியாமையால் செய்துவிட்டேன்' என்று ஒரு வரி போதும், தானே எழுதித் தருவதாகச் சொன்னார்.

அவள் வேண்டாமென்றாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, படத்துக்குக் கீழே நின்றபடியே, எட்டாம் வகுப்புக் கையெழுத்தில் எழுதினாள்:

"நான் துவைக்கவில்லை, உண்மை. அறிந்துதான் செய்தேன். அப்படிப்பட்ட துணி இனி வந்தாலும் துவைக்க மாட்டேன்."

ஒரு தரம் வாசித்துப் பார்த்தாள். இன்னொரு தரம் எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை. தாளை எழுத்தரிடம் கொடுத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பி, அடுத்த பாட்டிலைச் சாய்த்துப் பிடித்தாள்.